பழைய நூலில் போட்ட முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுக்குக் கீழே ஆளில்லாத கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா செத்த மெஷின்.

மாடியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த மதுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மையம் அணைந்து, லட்சக்கணக்கான வருடம் அடங்கிக் கிடந்து, மறுபடி உயிர்த்துக்கொள்ளும் ரேடியோ கேலக்ஸிகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. திரையில் அப்படி ஒன்று. இரு ஓரங்களிலும் பழைய சீற்றத்தின் மங்கிய மேகங்கள். உள்ளே, அதே கோட்டில், புதிதாக இரண்டு பொட்டுகள். மறுபடி கிளம்பிய சீற்றமும் பழைய வழியிலேயே பாய்கிறது.

போன ஆடி மாதம் அந்த மெஷினின் உருளை அப்பாவின் துண்டைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டது. அதை எடைக்குப் போட்டுவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள். அண்ணன் அருள்குமார் காதில் வாங்கவில்லை. நூல் கோன் மாற்றும்போது எல்லோரும் செய்வதுபோலப் பழைய நூலின் நுனியிலேயே புது நூலை முடிச்சுப் போட்டுவிட்டேன், முதலிலிருந்து கோர்க்க யாரால் முடியும் என்று சோற்றில் கை வைத்தபடி நேற்று சொன்னான். அப்பாவின் ரத்தம் காய்ந்த நூல். அதை வெட்டி எறியக்கூட அந்த மகராசனுக்குத் தோன்றவில்லை.

படியிறங்கினாள். ஊசி எண்ணெய் வாடையும் பஞ்சுத்தூசியும் மூக்கில் ஏற, அடைத்த ஷட்டரின் இடுக்கில் விழுந்த வெயிலில் தூசி அசையாமல் நிற்க, அந்தச் சத்தம் மட்டும் தரை வழியாக அவள் பாதத்தில் ஏறிக்கொண்டே இருந்தது.

"அறிவிருக்குதாங்கண்ணா உங்களுக்கு?"

அருள்குமார் சுவரோரம் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மது, மெயினை எறக்கிட்டேன் கண்ணு. நிக்க மாட்டீங்குது."

மெயின் சுவிட்ச் இறங்கித்தான் இருந்தது. விளக்கு இல்லை. ஃபேன் இல்லை. மெஷின் சுற்றியது.

குழாயாக இறங்கும் துணியில் முதலில் பழுப்புப் பட்டை. அது உள்ளிருந்து புடைத்தது. நெற்றி. மூக்கு. அப்பா.

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோதும் இந்த மெஷினை விட்டு நகராத மனிதர். அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"போதுங்கப்பா. அண்ணனையாவது விடுங்க."

பழுப்பு முடிந்தது. புது நூலின் வெள்ளை இறங்கியது. அதுவும் புடைத்தது. இன்னொரு நெற்றி. ஓரத்தில் தழும்பு. அண்ணனுடையது.

திரும்பிப் பார்த்தாள். அவன் நெற்றி இருந்த இடம் வழவழவென்றிருந்தது. கண்கள் இல்லை. மூக்கு கரைந்துகொண்டிருந்தது. பிடித்திருந்த கை மட்டும் சூடாக இருந்தது.

துணியில் வாய் இறங்கியது.

"மது," என்றான் அண்ணன், துணிக்குள்ளிருந்து.