மண் இறங்கிய வீடு

தொம்மென்று ஒரு சத்தம். பலகைத் தரை அதிர்ந்து, அடுப்பில் கொதித்த மீன்குழம்பு விளிம்புவரை ஏறி இறங்கியது.

ஹெர்லினா கரண்டியும் கையுமாக நின்றாள். மேலிருந்து எதுவும் விழவில்லை. சத்தம் கீழிருந்து வந்தது; வீட்டுக்கு அடியில் நின்று யாரோ உள்ளங்கையால் பலகையை அறைந்ததுபோல். அங்கே கோழிகூடக் கிடையாது. தூண்களைச் சுற்றிலும் பலகை அடித்து மூடியிருந்தது.

நடுப்பகல்தான். ஆனாலும் விளக்கு ஏற்றியிருந்தாள். வாய்க்காலுக்கு அப்பால் எரிந்தது காடு அல்ல, மண். தீ கண்ணுக்குத் தெரியாமல் வேரோடு வேராக ஊர்ந்து, நனைந்த மெத்தையைக் கொளுத்தியது போன்ற நாற்றத்தை வாரக்கணக்கில் ஊருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. காஹாயான் ஆறு வாசலிலிருந்து கூப்பிடு தூரம், அதுவும் தெரியவில்லை. படகுகளின் இயந்திரச் சத்தம் மட்டும் புகைக்குள் போய் வந்தது.

பாயில் மகள் யேனி படுத்திருந்தாள். முகத்தில் போட்ட ஈரத்துணிக்கு அடியில் மூச்சு சன்னமாக விசிலடித்தது. சாயங்காலத்துக்குள் ஊர்த்தலைவரின் படகு இருமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பலங்காராயா நகரத்துக்குப் புறப்படும். அங்கே ஆஸ்பத்திரியில் புகை நுழையாத அறை ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். கணவன் தேஹென் கூடாது என்றுவிட்டான். அங்கே மட்டும் புகை இல்லையா, வீட்டை யார் பார்ப்பது என்றான். அவன் ஆட்களோடு வாய்க்காலை அடைக்கப் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று ஹெர்லினா முடிவு செய்திருந்தாள். பை கட்டியாயிற்று. குழந்தைக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டால் கிளம்பலாம்.

மறுபடியும் சத்தம். இந்த முறை அடுப்பங்கரையில் இல்லை. பாயை ஒட்டி.

யேனி புரண்டு படுத்தாள்.

அந்த ஊரில் எல்லா வீடும் இரும்புமரத் தூண்களில்தான் நின்றது. தூண்கள் கறுப்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு அடியிலுள்ள களிமண்வரை போகும்; அதனால் வீடு இறங்காது. இறங்குவது மண். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அடியில் வாத்து நுழைவதே கஷ்டம். இப்போது ஆள் குனிந்து நிற்கலாம். ஒவ்வொரு கோடைக்கும் ஏணியில் ஒரு படி கூட்டுவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. தோட்டக் கம்பெனிக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஆற்றுக்கு வடித்ததிலிருந்துதான் இப்படி.

மண் எங்கே போகிறது என்று யாருக்கும் புரிந்ததில்லை. போன வருஷம் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து, முற்றத்தில் மூடி போட்ட பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் குழாயில் எதையோ அளந்தாள். இது ஆயிரக்கணக்கான வருஷத்து இலையும் வேரும் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த மண். தண்ணீர் போனதும் காற்றுப் பட்டு மக்குகிறது, கரியமில வாயுவாக மேலே போகிறது என்றாள். தண்ணீருக்குள் எது கிடந்தாலும் கெடாது என்றும் சொன்னாள்.

பக்கத்து வீட்டு ரம்பாய் அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்போ இத்தனை நாளா என் வீட்டு முத்தத்து மண்ணைத்தான் எல்லாரும் மூச்சா இழுத்துட்டு இருக்கீங்களா? திருட்டுப் பயலுங்களா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தேஹென் சிரிக்கவில்லை. இன்னும் எவ்வளவு இறங்கும் என்று மட்டும் கேட்டான். தண்ணீர் திரும்பி வரும்வரை என்றாள் அந்தப் பெண்.

அன்றிலிருந்து அவன் வேறு ஆள். அந்த வாய்க்காலை வெட்டிய இயந்திரத்தை ஓட்டியவனே அவன்தான். அவனே கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து, அடைக்க வேண்டும், தண்ணீரைத் திருப்ப வேண்டும் என்றான். ஊர் அவனைப் பாராட்டியது. ஆற்று வண்டலை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து வீட்டுக்கு அடியில் கொட்டினான். அதுவும் காய்ந்து இறங்கியது. பிறகுதான் சுற்றிலும் பலகை அடித்தான், பாம்பு வரும் என்று.

"உன் புருஷன் வீட்டுக்குப் பாவாடை கட்டிட்டான்டி. கால் தெரியக்கூடாதாம்," என்றாள் ரம்பாய் அத்தை.

அத்தை வேறொன்றும் சொல்லியிருந்தாள், ஹெர்லினா வந்த புதிதில். தேஹெனின் முதல் மனைவி நோர்மி, இந்த வீட்டுக்குத் தூண் நட வந்த பஞ்சார் இனத்துத் தச்சன் சபேரியோடு ஓடிப்போனாளாம். மரப் படகில் இரவோடு இரவாக. தரைப்பலகை போடாமலே தச்சன் போய்விட்டதால் மீதி வேலையைத் தேஹென் ஒற்றை ஆளாக முடித்தானாம். பாவம் மனுஷன்.

பாய்க்குப் பக்கத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே மெல்லிய இழையாகப் புகை எழுந்தது.

ஹெர்லினா கரண்டியைப் போட்டாள். மண்ணுக்குள் ஊர்கிற தீ வாய்க்காலைத் தாண்டி வீட்டடிக்கே வந்துவிட்டதா? போன மாதம் கீழ்த்தெருவில் அப்படித்தான், சத்தமில்லாமல் தூண் கருகி ஒரு வீடு சாய்ந்தது. வாளியில் தண்ணீரை மொண்டாள். விளக்கை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்காமல் கிடந்த யேனியிடம், "அம்மா இதோ வந்துடறேன்," என்றாள்.

பின்பக்கத்தில் ஒரு பலகை தளர்ந்திருந்தது. அதைப் பெயர்த்து உள்ளே குனிந்தாள்.

உள்ளே வெக்கை இல்லை. குளிர்ச்சி. நாள்பட்ட தேயிலைத் தண்ணீரின் வாடை, அதற்கடியில் தோல் ஊறிய வாடை. மண் பஞ்சுபோல அமுங்கி, அவள் கால் வைத்த இடமெல்லாம் பெருமூச்சு விட்டது. எங்கே தீ என்று பார்க்க விளக்கைத் தாழ்த்தினாள். சுடர் சுருங்கியது. நீலமானது. காற்றே இல்லாமல் அணைந்தது.

மறுபடி ஏற்ற நெருப்புப்பெட்டி இல்லை. பலகை இடுக்குகளில் வந்த மஞ்சள் வெளிச்சத்தில் தூண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நெஞ்சு அடைத்தது. மூச்சு போதவில்லை. தீயைக் காணோம். ஊர்ப்புகைதான் உள்ளே தேங்கி மேலே கசிந்திருக்கிறது. அவ்வளவுதான். திரும்பிவிடலாம்.

அப்போதுதான் அந்தத் தூணைப் பார்த்தாள்.

நடுத்தூணை ஒட்டி இன்னொன்று. மெலிந்தது. பளபளப்பான பழுப்பு. முட்டுக்கொடுக்க நட்டதுபோல் மண்ணிலிருந்து நேராக எழுந்து தரைப்பலகைவரை போயிருந்தது. ஆனால் மேலே போகப் போக அது இரண்டாகப் பிரிந்தது.

கையை நீட்டித் தொட்டாள்.

மரம் இல்லை.

கொட்டிய வண்டல் சரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து தலை. செம்பட்டையாகிப்போன முடி. தோல் அப்படியே. மூடிய இமையில் மயிர்கூட அப்படியே. வாய் நிறைய மண். குழிக்குள் இறக்கும்போது உயிர் இருந்திருக்க வேண்டும். இரண்டு கைகளும் மேல்நோக்கி நீண்டிருந்தன. மண் இறங்க இறங்க அவை வெளியே வந்திருந்தன. ஒரு கை பலகையைத் தொட்டது. விரல்கள் மடங்கியிருந்தன.

அதற்கு நேர்மேலே யேனியின் பாய்.

வாளி கவிழ்ந்தது.

மேலே காலடிகள். கனமான காலடிகள். வாசலிலிருந்து பாய்வரை. நின்றன. யேனி இருமினாள். இருமல் தரையிலிருந்து உயர்ந்தது. நகர்ந்தது. ஏணி முனகியது. ஹெர்லினா கத்த வாயைத் திறந்தாள், காற்று வரவில்லை. மண்டியிட்டாள். எழுந்தாள். தூணைப் பிடித்தாள். கையை உதறினாள். எது தூண், எது இல்லை? எங்கோ படகு இயந்திரம் உறுமியது. பிள்ளைகளின் இருமல் ஆற்றின் மேல் நகர்ந்து தேய்ந்தது.

பெயர்த்த பலகையின் இடைவெளி இருண்டது.

தேஹென் குனிந்து நின்றான். முகமெல்லாம் கரி. கண் மட்டும் வெள்ளை.

"யேனியைப் படகுல ஏத்திட்டேன். ரம்பாய் அத்தையும் கூடப் போறாங்க. நீ கேட்டதுதானே," என்றான், எப்போதும் பேசுகிற குரலில்.

அவள் தலையாட்டினாள். பிள்ளை போய்விட்டது. நல்லது. பக்கத்து வீட்டிலும் யாரும் இல்லை.

"இங்க," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "தூண் பக்கத்துல... ஆளு."

அவன் திடுக்கிடவில்லை. யார் என்று கேட்கவில்லை. உள்ளே நுழைந்தான். நிதானமாகத் திரும்பி, பலகையை இருந்த இடத்தில் பொருத்தி உள்ளங்கையால் அழுத்தினான். வெளிச்சம் இடுக்குகளில் மட்டும் மிஞ்சியது.

"எந்தத் தூண் பக்கத்துல?"