ஆற்றங்கரை வரை ஒக்டாவியன்

ஒக்டாவியன் டெலியு கால்பந்து விளையாடுவதை விட்டு வெகு காலமாகிவிட்டது. ஆனால் ருமேனியாவின் ப்ரயிலா ஊர் அவரை விடவில்லை.

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, இலிங்கா என்ற சிறுமி வசித்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடிவந்திருந்தார். தினமும் டானூப் ஆற்றங்கரை வரை நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடக்காவிட்டால் கால் மடங்காமலே போய்விடுமாம்.

ரொட்டிக்கடையைத் தாண்டினால்தானே ஆறு வரும்?

"அண்ணே, அன்னிக்குத் தலையால முட்டிப் போட்டீங்களே ஒரு கோல்..." என்று கடைக்காரி சாஃப்தா தொடங்குவாள். உடனே கூட்டம் சேரும். அந்தக் கோல் விழுந்தபோது பிறந்தே இராதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோல் பேசுவார்கள். அவர் சிரித்தபடி நிற்பார். கால் வீங்கியதும் வீடு திரும்புவார்.

பத்து வயது இலிங்கா இதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவருடன் கிளம்பிவிட்டாள்.

"மாமா, இன்னிக்கு ஆத்தைப் பார்க்காம திரும்பக் கூடாது."

"நீதான் என் புதுக் கோச்சா?"

"ஆமா."

கடை வந்ததும் இரு கைகளையும் விரித்து வழிமறித்தாள். "யாரும் மாமாவை நிறுத்தாதீங்க."

சாஃப்தாவின் முகம் வாடிவிட்டது. ஒக்டாவியன் இலிங்காவின் கைகளை மெல்ல இறக்கினார்.

"வேணாம் கண்ணு. மழையில நனைஞ்சுகிட்டே எனக்காகக் கத்தினவங்க இவங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல."

அன்றும் பாதியில் திரும்பினார்கள். படியேறும்போது அவர் வலியில் உதட்டைக் கடிப்பதை இலிங்கா பார்த்தாள். விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் சாஃப்தா பேச்சைத் தொடங்கினாள். இலிங்கா தடுக்கவில்லை.

"சொல்லுங்க அத்தை. ஆனா நடந்துகிட்டே சொல்லுங்க. நின்னா மாமாவுக்குக் கால் வீங்கிடும்."

"கடைய யார் பார்ப்பா?"

"நாங்க மெதுவாத்தான் போறோம். பூட்டிட்டு ஓடி வாங்க."

சாஃப்தா கடையைப் பூட்டியே விட்டாள். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு வந்து சேர்ந்தார். படம் எடுக்க வந்தவனிடமும் இலிங்கா, "நடந்துகிட்டே எடுங்க," என்றாள். படம் கலங்கி விழுந்தது. "மைதானத்துல ஓடுற மாதிரியே இருக்கு," என்று அவன் பூரித்துப்போனான்.

பின்னால் வந்த பேருந்து ஊர்ந்தது. "எங்க போறீங்க? நானும் வரட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

"முதல்ல எங்கள இறக்கிவிடுய்யா," என்றார்கள் பயணிகள்.

ஆற்றுக்கு இறங்கும் படிகளில் ஒக்டாவியன் நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. "இது போதும் கண்ணு. திரும்பிடலாம்."

"தண்ணி தெரியுது மாமா. என் தோளைப் பிடிச்சுக்குங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார். ஒரு படி. இன்னொரு படி. அதுவரை வாய் ஓயாத கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

கடைசிப் படியில் முழங்கால் மெல்ல மடங்கியது. அவர் குனிந்து டானூப் நீரில் கையை நனைத்தார்.

கரையில் எழுந்த ஆரவாரத்தில், எதிர்க்கரையில் மீன் பிடித்தவர்கள் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.