உட்காரச் சொன்னவள்

பெஞ்சுகளை எல்லாம் போன வாரமே கீழே இறக்கி லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பிறகு, இத்தனை பேர் பெஞ்சில் உட்காருகிற சத்தம் எங்கிருந்து வந்தது?

தலைமையாசிரியை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தப்பு அவளுடையதுதான். மூன்றாம் மாடியின் கடைசி வகுப்பறைக்குள் காலை வைத்ததும், இருபது வருடப் பழக்கம், யாரும் இல்லாத அறையைப் பார்த்து "உக்காருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன மாத்திரத்தில் அந்தச் சத்தம்: மரக்கால்கள் தரையில் உரச, பலகைகள் முனக, பைகள் பொத்துப் பொத்தென்று விழ, கடைசியில் பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவரின் இருமல். வாத்தியார் வேலை பார்த்த யாருக்கும் தூக்கத்தில்கூட அடையாளம் தெரிகிற சத்தம். அப்படியானால் அதுவரை எல்லோரும் நின்றுகொண்டா இருந்தார்கள்?

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நல்ல எலி, இருமுகிற எலி.

உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள். அறையில் ஒன்றுமே இல்லை. பெஞ்சுக் கால்கள் வருடக்கணக்காகத் தேய்த்த வெள்ளைத் தடங்கள் மட்டும் தரையில் வரிசை வரிசையாகக் கிடந்தன. மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலமே வானம் இருட்டிவிட்டது. இந்தக் கட்டடத்துக்குக் கரண்ட்டையும் துண்டித்தாயிற்று. ஈரச் சுவரின் வாடையோடு புதுச் சாக்பீஸ் தூளின் வாடையும், விளையாடிவிட்டு வந்த பிள்ளைகளின் வியர்வை வாடையும் மூக்கில் ஏறின.

இந்தப் பள்ளிக்கும் அவளுக்கும் வந்த நாளிலிருந்தே ஆகாது. இந்தப் பழைய கட்டடத்தை இடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அதன்பிறகு ஸ்டாஃப் ரூமுக்குள் அவள் நுழைந்தால் பேச்சு பட்டென்று நின்றுவிடும். ஸ்கூட்டர் டயரில் அடிக்கடி காற்று இருக்காது. ஊரில் பாதிப் பேர் படித்த பள்ளி, கடைக்காரர்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழைய மாணவர் சங்கத் தலைவர், ஒரு பல் டாக்டர், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "இடிச்சிட்டீங்கன்னா அதுங்க எங்க போகும்?" என்று கேட்டார். மாடியில் அடைகிற புறாக்களைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அரங்கில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

நாளை இடிக்க ஆள் வருகிறது. உள்ளே யாரும் இல்லை என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கூட வர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாட்ச்மேன் சாவியை மட்டும் நீட்டினார். மகளை கேட் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, இதோ வந்துவிடுகிறேன், நீ மேலே வராதே என்று சொல்லிவிட்டு அவள் தனியாகத்தான் ஏறினாள்.

மகளும் இதே பள்ளியில்தான் படிக்கிறாள். அம்மாமேல் இருந்த கோபத்தையெல்லாம் பிள்ளைகள் அவள் தலையில் இறக்கினார்கள். பத்தாம் வகுப்பில் எந்தப் பெஞ்சிலும் அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் கொடுப்பதில்லை. ஜன்னலோரம் தனி நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருகிறாள். போதாக்குறைக்கு அம்மா போட்ட சட்டம் வேறு: பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மா எல்லாம் வீட்டில்தான். சலுகை காட்டுகிறாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதாம்.

போதும், போகலாம் என்று திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை.

காற்றாக இருக்கும். கைப்பிடியைத் தொட்டாள். மறுபக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"உள்ள வரலாமா, மிஸ்?"

மகளின் குரல்.

ஜன்னலுக்கு ஓடிக் கீழே பார்த்தாள். நாற்காலி காலி. வாட்ச்மேனும் இல்லை. மகளின் குடை மட்டும் விரித்தபடி மழையில் உருண்டுகொண்டிருந்தது. அப்படியானால் வெளியே நிற்பது அவள்தான். அவள்தானா? முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை முனகியது, என்ன நடக்கிறது என்று யாரோ எட்டிப் பார்ப்பது மாதிரி.

"உள்ள வரலாமா, மிஸ்?" இப்போது குரலில் அழுகை இருந்தது.

"நீதான்னா அம்மான்னு கூப்பிடு."

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அந்த வீம்பு வேறு யாருக்கும் வராது. பெற்ற பிள்ளையை இருட்டில் நிறுத்திவைத்துச் சோதிக்கிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. "வா" என்றாள்.

கதவு திறந்தது. மகளேதான். சொட்டச் சொட்ட நனைந்த சீருடை, தோளில் பை. ஆனால் அம்மாவை அவள் பார்க்கவில்லை. அம்மாவைத் தாண்டி அறைக்குள் நடந்தாள். மூன்றாவது வரிசைத் தடத்தின் அருகே போய் நின்றாள்.

சரக். சரக். சரக்.

நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

மகள் உட்கார்ந்தாள். தரையில் இல்லை. முட்டி மடங்கி, முதுகு நிமிர்ந்து, பெஞ்சு உயரத்தில். வெறும் காற்றில். பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் திரும்பிச் சிரித்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் சிரித்து அம்மா பார்த்ததே இல்லை.

பாய்ந்து மகளின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. இழுத்தாள். வரவில்லை. இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு யாரோ இருந்தார்கள். அவள் முழங்கையில் ஒரு தோள் இடித்தது.

"எந்திரி" என்று கெஞ்சினாள். "எந்திரிடி கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

மகள் எழுந்தாள்.

பெஞ்சுகள் உரசின. முன்வரிசை. நடுவரிசை. கடைசி வரிசை. அறை முழுக்க.

"சரிம்மா" என்றாள் மகள்.

"சரிம்மா" என்றது வகுப்பு, பாடம் ஒப்பிக்கிற அதே ராகத்தில்.