பெரிய வாய் கார்புரேட்டர்

கார்வேட்டிநகரத்தில் எல்லாரும் டீசல் வண்டிக்கு மாறிவிட்டார்கள். ரக்ஷிதாவின் நைனா வேங்கடாசலம் மட்டும் தன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரியை விடவே இல்லை. எப்படி விடுவார்? ஜாத்திரைத் திருவிழாவில் கங்கம்மா அம்மன் ஊர்வலம் வருவதே அந்தக் கிழட்டு லாரியில்தான்.

இந்த வருஷம் பார்த்து அதன் கார்புரேட்டர் காலை வாரிவிட்டது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற பாகம் அது. நன்றாகத் தேய்ந்துபோய்விட்டது என்று மெக்கானிக் சண்முகம் கையை விரித்துவிட்டார்.

"நாளைக்கு வண்டி நடுவுல நின்னுச்சுன்னா, அம்மன் நம்ம ஊரு சுனிலோட டிராக்டருக்குப் போயிடும். இனிமே வருஷா வருஷம் அவனுக்குத்தான்," என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேங்கடாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தூர் பழைய சாமான் கடைக்கு ஓடினார். இரண்டு கார்புரேட்டரோடு வந்தார். ஒன்று பெரியது, காற்றை இழுக்க இரண்டு வாய். மற்றது சின்னது, ஒரே வாய். வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"இதுல யோசிக்க என்னா இருக்குது? பெருசு போட்டா பலம்," என்றார் சண்முகம்.

இடையில் ஒரு தகடு வைத்துப் பெரியதை மாட்டினார்கள். அப்பப்பா, என்ன உறுமல்! புத்தூர் ரோட்டில் லாரி பறந்தது. இருவரும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்கள்.

"நைனா, நாளைக்கு வண்டி பறக்கவா போவுது? மேளக்காரங்களுக்குப் பின்னால ஊர்ந்துக்கினுதானே வரணும்?" என்று கேட்டாள் ரக்ஷிதா.

"ஆமா, அதுக்கென்னா?"

"நான் முன்னால நடக்கறேன். என் பின்னாலயே ஓட்டு, பாக்கலாம்."

அவள் மெதுவாக நடந்தாள். தெருமுனை வருவதற்குள் லாரி கறுப்புப் புகையைக் கக்கியது. பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எஞ்சின் இருமி இருமி அணைந்துபோனது. சண்முகம் திருகாணிகளைத் திருகித் திருகிப் பார்த்தார். மறுபடியும் அதே கதைதான்.

நைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ரக்ஷிதாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமலாக இருந்தது. வீட்டில் தம்பிப் பாப்பா யஸ்வந்த் தினமும் அப்படித்தான் இருமுவான்.

"மாமா, யஸ்வந்துக்கு சொம்புல பால் ஊத்தினா புரையேறும். ஸ்பூன்ல குடுத்தா சமர்த்தா குடிப்பான். வண்டிக்கும் புரைதான் ஏறுது. மெதுவாப் போறப்போ அதால இவ்ளோ துன்ன முடியல. சின்னத போட்டுப் பாருங்க."

சண்முகம் சிரித்தார். "சின்னது போட்டா மலை ஏறுமா, பாப்பா?"

"மலை எதுக்கு மாமா? அம்மன் போற வழியில இருக்குற ஏரிக்கரை மேடு ஏறினா போதாதா?"

சண்முகம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தார். சின்னதை மாட்டியதும் ரக்ஷிதா மறுபடி நடந்தாள். லாரி புகையில்லாமல், சத்தம் பிசகாமல், அவள் பின்னாலேயே வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஊரே திரண்டுவிட்டது. அம்மன் லாரியில் ஏறினாள். எதற்கும் இருக்கட்டும் என்று, மாலை கட்டிய டிராக்டரோடு சுனில் பின்னாலேயே வந்தான். வீட்டுக்கு வீடு தீபாராதனை. நின்று நின்றுதான் போக வேண்டியிருந்தது. எஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை.

ஏரிக்கரை மேட்டில் சத்தம் சட்டென்று தாழ்ந்தது. நைனா பக்கத்தில் இருந்த ரக்ஷிதா மூச்சை அடக்கிக்கொண்டாள். லாரி ஒரு முக்கு முக்கியது. பிறகு விடுவிடுவென்று மேலே ஏறிவிட்டது. மேளம் காதைப் பிளந்தது. சண்முகம் கூட்டத்தோடு கூட்டமாகக் குதித்து ஆடினார்.

கோயில் வாசலில் அம்மனை இறக்கினார்கள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அதான் வந்துட்டோமே. நிறுத்தலயா, நைனா?"

வேங்கடாசலம் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"சும்மா இரு, கண்ணு. சுனில் இப்பதான் மேடு ஏறிக்கினு வரான். அவனும் காது குளிரக் கேக்கட்டும்."