மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால்

அந்தச் சிறிய ஊரில் ஓடையும் நடைபாதையும் பிரிய மனமில்லாத சிநேகிதிகளைப் போல எப்போதும் சேர்ந்தே சென்றன. சலவைக் கடையின் பின்புறம், நூலகத்தின் பக்கச் சுவர், படகு பழுதுபார்க்கும் கொட்டகை என்று ஓடை வளைந்த இடமெல்லாம் பாதையும் வளைந்தது. ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் ஒரு கல்பாலம் இருந்தது. பாதையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நேற்று நடக்கப் பழகிய குழந்தைகூடப் பாலம்வரை போய்விடும்.

தபால்காரம்மாவால்தான் போக முடியவில்லை.

பத்து வருடங்களாக அந்த ஊரின் தெருக்களில் நடந்து நடந்து கடிதம் கொடுத்தவர் அவர். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது.

"எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. இனிமே நடக்க நடக்கத்தான் பலம் வரும்" என்றார் மருத்துவர்.

அஞ்சலக அதிகாரியோ, "பாலம்வரைக்கும் நடந்துட்டேன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்கம்மா. உங்க வார்த்தை போதும், திங்கட்கிழமை பை உங்க தோள்ல. இல்லேன்னா உங்க தெருக்களை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க முத்திரை குத்துற மேசையில உட்கார்ந்துக்கலாம்" என்றார்.

உட்காருவது! அந்தச் சொல்லைக் கேட்டாலே தபால்காரம்மாவுக்கு முகம் வாடிவிடும்.

அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். பள்ளியில் அவளுக்குத் தத்துக்கிளி என்று பெயர். அவள் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அவள் கால் ஆடும். வீட்டுப்பாடம் எழுதினால் மேசையே ஆடும்.

தினமும் மாலையில் இருவரும் ஓடைக்கரைக்கு வருவார்கள். அம்மா பாதையோரத்தில் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போவதற்குள் தத்துக்கிளி நான்கு முறை போய்த் திரும்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை அவள் பாலத்துக்கே ஓடிப்போய்க் கத்தினாள். "அம்மா! இதோ இருக்கு பாலம்! வாம்மா!"

அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வழக்கம்போல வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

தத்துக்கிளி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தானே?"

"உனக்குக் கொஞ்ச தூரம். இந்த நத்தைக்கு அது பெரிய தூரம்டி."

"அப்போ போயிட்டு வந்தோம்னு சும்மா சொல்லிடலாமா?"

"கடிதத்தைக் குடுக்காமலே குடுத்தேன்னு சொல்ற மாதிரியா? நல்ல பொண்ணு போ!"

தத்துக்கிளிக்குக் கோபம் கோபமாக வந்தது. வழியில் கிடந்த கூழாங்கற்களையெல்லாம் ஓடைக்குள் உதைத்துத் தள்ளினாள். இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

அம்மாவை வீட்டில் விட்டதும் மறுபடியும் பாதைக்கு ஓடிவந்தாள். அம்மாவுக்கு அங்கே என்னதான் பயம்? மூன்றாவது பெஞ்சிலிருந்து பாலத்தை நோக்கி, அம்மாவைப் போலவே மெதுவாக நடந்து பார்த்தாள். மெதுவாக நடப்பது எவ்வளவு கடினம்! பாதி வழியில் அவள் கண்ணில் ஒன்று பட்டது. சிமென்ட் தரையில் துருப்பிடித்த நான்கு திருகாணிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

அங்கே ஒரு காலத்தில் நான்காவது பெஞ்சு இருந்திருக்கிறது! பழுதுபார்க்க எடுத்துப்போனவர்கள் திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எத்தனையோ முறை ஓடிய பாதைதான். ஓடும்போது அவள் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அம்மா, நடுவுல உட்கார இடம் இல்லைன்னுதானே திரும்பிடுற?"

அம்மா காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "ஆமாடி. நடுவழியில கால் மக்கர் பண்ணுச்சுன்னா எங்க உட்காருறது? தண்ணியிலயா? வாத்துங்கதான் சிரிக்கும்" என்றார்.

சனிக்கிழமை மாலை தத்துக்கிளி சமையலறை ஸ்டூலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அம்மாவுடன் கிளம்பினாள். நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் அது. நான்கு கால்களும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன தத்துக்கிளி, கடை போடப் போறியா?" என்று படகுக் கொட்டகைக்காரர் கேட்டார்.

"இல்ல மாமா, பெஞ்சு போடப் போறேன்!"

மூன்றாவது பெஞ்சருகே அம்மா நின்றார். "சரி, வரேன். ஆனா ஸ்டூல் என் பக்கத்துலயே இருக்கணும். நீ அதைத் தூக்கிட்டுப் பறந்துடக் கூடாது."

"பறக்க மாட்டேம்மா."

சொல்வது சுலபம். ஓரடி, ஈரடி, மூன்றடி. தத்துக்கிளியின் பாதங்கள் செருப்புக்குள் துடித்தன. விரல்கள் ஸ்டூல் காலில் தாளம் போட்டன. கீழே ஓடை அவளைக் கேலி செய்வதுபோல வேகமாக ஓடியது.

அப்போது சைக்கிளில் வந்த வகுப்புத் தோழன் கத்தினான். "ஏய், ஆத்துல ரெண்டு அடுக்குப் படகு வந்து நிக்குது! இப்ப கிளம்பிடும், ஓடி வா!"

அவள் கால்கள் அவளைக் கேட்காமலே ஓடத் தொடங்கிவிட்டன. நான்கு எட்டு போனதும் தலைமேல் ஸ்டூல் ஆடியது. திரும்பிப் பார்த்தாள். அம்மா அசையாமல் நின்றுவிட்டார்.

"நீ போ! எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் சொல்லு!" என்று தோழனிடம் கத்திவிட்டு, அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

திருகாணிகளுக்கு அருகே வந்தபோது பாலத்தின் பக்கம் படகின் ஊதல் நீளமாக ஒலித்தது. படகு போய்விட்டது. தத்துக்கிளி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதே நேரத்தில் அம்மா ஓடைக்கரைக் கம்பியை இறுகப் பிடித்தார். நெற்றியில் வியர்வை. தத்துக்கிளி சட்டென்று ஸ்டூலை இறக்கி, அந்த நான்கு திருகாணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"நாலாவது பெஞ்சு வந்தாச்சு. உட்காரும்மா."

அம்மா ஸ்டூலைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். ஸ்டூலின்மேல் ஒரு கையை ஊன்றி மூன்று முறை மூச்சு விட்டார்.

"எடுத்துக்கோடி" என்றார். "இருக்குன்னு தெரிஞ்சாலே போதும் போலிருக்கு."

பிறகு பாலம் வரும்வரை அவர் நிற்கவில்லை. பாலத்தின் முதல் கல்லை, ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, டொக் டொக்கென்று தட்டினார். "தபால்!" என்று உரக்கச் சொன்னார்.

இருவரும் சிரித்த சிரிப்பில் வாத்துகள் பயந்து நீந்தி ஓடின.

தத்துக்கிளி தலையிலிருந்த ஸ்டூலை இறக்கிப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். மெதுவாக நடந்து நடந்து அவளுக்குத்தான் கால் வலித்தது.

"எழுந்திரு, போகலாம். இருட்டிடும்" என்றார் அம்மா.

"ரெண்டே நிமிஷம்மா!"

"ரெண்டு நிமிஷமா! அதுவரைக்கும் நான் என்ன செய்யறதாம்?"

தத்துக்கிளி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தபால்காரம்மாவோ இருப்புக்கொள்ளாமல், பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.