பேனரில் ஒரு மருதாணிக் கை

உளுந்தூர்பேட்டையில் சும்மா தூறலாக ஆரம்பித்த மழை, பஸ் கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. எழில்மதி பேட்மிண்டன் ராக்கெட் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டிக்கிடந்த கடையின் தகரக் கூரைக்குக் கீழே புகுந்தாள். நாளைக்கு அவளை மேளதாளத்தோடு வரவேற்க ஊர் காத்திருந்தது. அவளுக்கோ அதுவரை பொறுமை இல்லை. தாய்லாந்தில் பத்து நாள் போட்டி விடுதியின் சப்பென்ற சோறு தின்றவளுக்கு, அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்புதான் கண்ணிலேயே நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்பே வந்துவிட்டாள்.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்... நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்தில் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, ஆளைவிட மூன்று மடங்கு உயரத்தில், அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். 'மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச பேட்மிண்டன் போட்டியில் தங்கம் வென்ற எங்கள் மண்ணின் மகளே, வருக!' வலது கையில் ராக்கெட். கழுத்தில் பதக்கம். இடது கையில் ஒரு கோப்பை... அந்த இடது கையில் ஐந்து விரலும் இருந்தன. மணிக்கட்டு வரை சிவக்கச் சிவக்க மருதாணி வேறு!

எழில்மதிக்கு இடது கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடும். பிறவியிலேயே அப்படித்தான்.

பேனரின் மேல் முனையில், ஏணியில் நின்று ஒருவன் தொப்பலாக நனைந்தபடி கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க! மேல இருக்கறவரே! யாரு கைங்க அது?"

அவன் குனிந்து பார்த்தான். பேனரைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். பிடித்திருந்த கயிறு நழுவியது.

"அது... ஒரு கல்யாணப் பொண்ணோடதுங்க. கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு."

"மருதாணியோடவா?"

"அழிக்கலாம்னுதான் பாத்தேன். அழகா இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

அவளுக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. "எறங்குங்க கீழ!"

இறங்கினான். சட்டைப் பையில் 'அருள்மொழி டிஜிட்டல்ஸ்' என்று தைத்திருந்தது. மழைநீர் சொட்டும் நெற்றி. அதற்குக் கீழே திருட்டு முழி முழிக்கும் இரண்டு பெரிய கண்கள். அந்தக் கண்கள் அழகாக இருந்து தொலைத்தது எழில்மதிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஃப்ளெக்ஸ்னா டச்-அப் பண்றதுதாங்க பழக்கம்," என்றான் அருள்மொழி. "வழுக்கை இருந்தா முடி வெப்போம், கறுப்பா இருந்தா செவப்பாக்குவோம்..."

"என் கை இன்னா வழுக்கையா? அந்தக் கையாலதாங்க நான் ஜெயிச்சேன்! அத எடுத்துட்டு யாருக்கு வாழ்த்து போட்டிருக்கீங்க? அந்தக் கல்யாணப் பொண்ணுக்கா?"

"யாரு ஒட்டச் சொன்னது?" என்று அவள் விடாமல் கேட்டாள். அவன் சொல்ல வந்ததை விழுங்கியது போலிருந்தது. "யாரும் சொல்லல. தப்பு என்னுதுதாங்க," என்றான்.

சொல்லிவிட்டு அவள் இடது கையைப் பார்த்தான்.

எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்த வேகத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டு, பாவம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். இருபத்து நான்கு வருஷமாக அவளுக்குப் பழகிப்போன பார்வை அது. இவன் திருப்பவில்லை. நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இந்தக் கையாலயா? எப்படிங்க?" என்றான். ஒரு சின்னப் பிள்ளையின் ஆசை இருந்தது அந்தக் கேள்வியில்.

கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. பையைத் திறந்தாள். முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் இறகுப்பந்தைச் செருகினாள். "விரல்ல புடிச்சி வுட்டா எப்ப வுழும்னு எதிராளிக்குத் தெரிஞ்சிடும். இதுல தெரியாது. பாத்துக்குங்க..."

கை லேசாகத் தளர்ந்தது. பந்து நழுவியது. ராக்கெட்டை எப்போது வீசினாள் என்று தெரியாமலே பந்து அவன் மூக்கில் வந்து பட்டது.

"ஆ!"

"ஃபைனல்ல இருபத்தியோராவது பாயிண்ட் இதுலதாங்க வந்துச்சு," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

மூக்கைத் தேய்த்துக்கொண்டே அவன் போனை எடுத்தான். "இன்னொரு தடவ... அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

"எடுங்க. ஆனா ஒரு இழை மாத்தினாலும் அடுத்த பந்து கண்ணுல."

கச்சிராயபாளையத்துக்குப் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, கல்வராயன் மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. அவள் மலையைப் பார்க்கவே இல்லை. மூக்கைத் தேய்த்த ஒரு முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. சீ... இதென்ன!

வீட்டில் அம்மா செல்லியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, குழம்பு வைத்து, தட்டு போட்டாள். எழில்மதி பேனர் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா ராசு மட்டும் சிரிக்கவில்லை. கரும்பு வெட்டிக் காய்த்துப்போன அவர் கை, பிசைந்த சோற்றிலேயே நின்றது.

"அந்தப் புள்ள மேல தப்பு இல்ல பாப்பா. நான்தான் கை வெச்சி போடச் சொன்னேன்."

"அப்பா..."

"மூணு எடம் வந்து, கையப் பாத்துட்டுப் போயிட்டாங்க. பேனரப் பாத்தாவது யாராவது பொண்ணு பாக்க வரட்டுமேன்னு..."

எழில்மதி தட்டை நகர்த்தி வைத்தாள். உலகமே கைதட்டிய கை... பெற்ற அப்பாவுக்கு மறைக்க வேண்டிய கையா? பதக்கத்தைப் பையிலேயே வைத்து மூடினாள். அவரோடு பேசவில்லை. மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் வரும்போதும் பேசவில்லை. அவள் ஆடுவதைப் பார்க்க அவர் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பெரியாது என்பதும் அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் வலித்தது.

பஸ் ஸ்டாண்டு முனையில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. பழைய பேனர் இருந்த இடத்தில் புது பேனர்.

கோப்பை இல்லை, மருதாணி இல்லை. பேனர் முழுக்க அவளுடைய இடது முழங்கைதான். அந்த மடிப்பில் வெள்ளையாக ஒரு இறகுப்பந்து. அதற்குப் பின்னால் கூர்மையாகப் பார்க்கும் அவள் முகம். அவள் முகத்திலிருந்த மரு கூட அப்படியே இருந்தது. இவ்வளவு அழகாகவா இருக்கிறேன் நான்?

கண்ணாடி கூட இத்தனை வருஷத்தில் அவளுக்கு அதைச் சொன்னதில்லை.

மாலையும் சால்வையுமாக ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இடுக்கில் எட்டிப் பார்த்தாள். அப்பா பேனருக்குக் கீழே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அருள்மொழி.

"இதுலயா பந்து வெச்சி அடிக்குது எம்பொண்ணு?"

"ஆமாங்க. என் மூக்கப் பாருங்க, இன்னும் செவந்துக்கினு இருக்குது."

அப்போது ஊர்க்காரர் ஆதிமூலம் வந்து ராசுவின் தோளைத் தட்டினார். "இன்னாய்யா ராசு, கைய இப்படியே போட்டு வெச்சிருக்கானுங்க? கொஞ்சம் மறச்சி போட்டிருக்கக் கூடாதா?"

"எதுக்கு மறைக்கணும்?" ராசு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "பத்து தேசத்துக்காரன தோக்கடிச்ச கைய்யா அது! நல்லா பாத்துக்கோ. எம்பொண்ணு கை!"

எழில்மதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். பையிலிருந்து பதக்கத்தை எடுத்து அப்பாவின் கழுத்தில் போட்டாள். அவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் அழவில்லை. பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

மேளம் ஓய்ந்து, ஆட்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்த பிறகு அவனிடம் வந்தாள்.

"அப்பாதான் சொன்னாருன்னு நேத்து ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட அவர மாட்டிவிட மனசு வரல. அதுவுமில்லாம... யாரு சொன்னா இன்னா, ஒட்டினது நான்தானே."

"ராத்திரி எவ்ளோ டச்-அப் பண்ணீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆறு வருஷமா போட்டோல இருக்கறவங்கள மாத்தறதுதாங்க எனக்கு வேல. உங்க படத்த தெறந்து வெச்சிக்கினு ரெண்டு மணி நேரம் சும்மா பாத்துக்கினே இருந்தேன். மாத்த ஒண்ணுமே தோணல. அப்பதான்... எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"இன்னா புரிஞ்சிச்சு?"

"உங்கள எனக்குப் புடிச்சிருக்குங்க. சாதாரணமா இல்ல. ரொம்ப."

இதற்கெல்லாம் பின்வாங்குகிறவளா எழில்மதி? நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க யாரும் வரலன்னுதானே எங்கப்பா ஏங்கிக்கினு இருக்காரு? ஞாயித்துக்கெழம நீங்க வாங்க. உங்கம்மாவையும் கூட்டிக்கினு வாங்க. ஆனா ஒண்ணு... மொதல்ல இந்த பேனர அவங்களுக்குக் காட்டுங்க. நல்லா பாத்துட்டு, அப்புறமும் வரேன்னு சொன்னாதான் கூட்டிக்கினு வரணும்."

அருள்மொழி சிரித்தான்.

"காலைல நான் கட்டும்போது இன்னொரு முனையப் புடிச்சிக்கினு நின்னதே எங்கம்மாதாங்க. கட்டி முடிச்சதுலேந்து, 'பொண்ணு வூடு எங்கடா?'ன்னு கேட்டுக்கினே இருக்காங்க."