வினாடிக்கு ஐம்பது துடிப்பு

பின்னறைக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று மனைவி மறுபடியும் சொன்னாள். ரிப்பேர்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டிலும் பகல் ஒன்று ஐம்பது. வினாடி முள்கூட இம்மி பிசகவில்லை.

காலில் மாவுக்கட்டோடு அவள் அங்கே படுத்து நான்கு நாள் ஆகிறது. புதிதாகக் குடிவந்த வீடு. கூடம் முழுக்க அவருடைய பட்டறைச் சாமான்கள் அடைந்து கிடந்ததால், மிச்சமிருந்தது ஜன்னல் இல்லாத, ஈரச் சுண்ணாம்பு வாடை அடிக்கிற அந்த ஓர் அறைதான். ஈயம் பற்றவைக்கும் புகை அவளுக்கு இருமலைக் கிளப்பும் என்று பற்றவைக்கும் நேரத்தில் மட்டும் கதவைச் சாத்திவிடுவார். உப்பிப்போன கதவு; அவரே தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும்.

சாவியோ ஸ்பிரிங்கோ இல்லாத மின்சாரக் கடிகாரம் அது. கரண்டு வினாடிக்கு ஐம்பது முறை துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் அதன் மோட்டார் முள்ளைத் தள்ளும். முதல் நாள் அவள் குறை சொன்னபோது தெருக் கரண்டின் மீது பழி போட்டார். மண்டை காய மூன்று நாள் உட்கார்ந்து, அச்சுப் பிசகாமல் ஐம்பது துடிப்பு தருகிற பெட்டி ஒன்றைச் செய்தார். கூடத்து மேஜையில் அதை வைத்து, கதவுக்கு அடியில் ஒயர் விட்டு கடிகாரத்தில் மாட்டினார். மீட்டர் ஐம்பதைக் காட்டியது. புள்ளிக்குப் பின்னால் மூன்று பூஜ்யம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்து தொலைப்பது?

அவளோ பிடித்த பிடியை விடவில்லை. "அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போறீங்க. எனக்கு அரை நாளாகுது. ஒவ்வொரு தடவையும் இன்னும் நீண்டுக்கிட்டே போகுது. முள்ளு நகரவே மாட்டேங்குது."

சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய்த் திரும்புவதற்குள் பசிக்கிறது என்பாள். நிரப்பி வைத்த கூஜா அடுத்த நடைக்குள் காலியாகியிருக்கும். உதடு வெடித்திருந்ததைப் பார்த்தார்தான். ஆனால் எரிச்சல் கண்ணை மறைத்தது. தன் தொழிலையே சந்தேகப்படுகிறாளே என்று பொருமினார்.

"சரி, பெட்டியையே உன் தலைமாட்டுல வெச்சிடறேன். பேட்டரி ஒரு வாரம் தாங்கும். அப்பவும் கடிகாரம் என் வாட்ச்சோட ஒத்துப்போச்சுன்னா, அதுக்கப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"வெச்சிடுங்க. கதவை மட்டும் சாத்தாதீங்க."

"பத்து நிமிஷ வேலைம்மா. புகை வரும்."

பெட்டியை அவள் தலைமாட்டில் வைத்து, கடிகாரத்தை அதில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். மணி இரண்டு.

பத்து நிமிடம் நாற்பதானது. இன்னொரு ஆர்டருக்கான பெட்டியில் கை வைத்ததுமே எங்கிருந்தோ ஒரு கீச்சொலி கிளம்பியது. கொசு காதோரம் சுற்றுவது போல மெலிந்து, விட்டு விட்டு, சில சமயம் மரத்தில் எதுவோ படபடவென்று அதிர்கிற சத்தத்தோடு சேர்ந்து, பல்லைக் கூச வைத்தது. டிரான்ஸ்ஃபார்மர்தான் இரைகிறது என்று அதன் திருகுகளை இறுக்கினார். நிற்கவில்லை. இணைப்பைக் கழற்றினார். நிற்கவில்லை. மேஜையின் மொத்தக் கரண்டையும் அணைத்தார்.

அப்போதும் கேட்டது.

சனியன் என்று வாய்விட்டுத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே தேய்ந்து அடங்கியது. அப்பாடா என்றிருந்தது. பாவம், அவளிடம் இன்றைக்கு ரொம்பத்தான் எரிந்து விழுந்துவிட்டோம் என்று தோன்ற, டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

கதவு கொஞ்சம்தான் திறந்தது. உள்ளே எதுவோ தடுத்தது.

இடுக்கு வழியாகச் சுவர் தெரிந்தது. கடிகாரம் நின்றிருந்தது. பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. ஒரு வாரம் தாங்கும் பேட்டரி. காலையில்தான் முழுசாக ஏற்றியது.

தெருக் கரண்டும் சரி, கூடத்தில் இருந்தவரை இந்தப் பெட்டியும் சரி, இத்தனை நாளும் வெளியே ஓடிய நேரத்தைத்தான் ஒயர் வழியாக உள்ளே அனுப்பியிருக்கின்றன. அறைக்குள் ஓடிய நேரத்தை எண்ண அங்கே எதுவும் இருக்கவில்லை. அவளைத் தவிர.

தோளைக் கொடுத்துத் தள்ளினார். தடுத்தது லேசாக இருந்தது. காய்ந்த சுள்ளிக்கட்டு போல நகர்ந்தது.

கதவின் உட்புறம், தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை, மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. தூசி. எங்கும் தூசி. மாவுக்கட்டு மட்டும் கால் வடிவம் கெடாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதற்குள்ளே, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காய்ந்த குச்சி மாதிரி ஒன்று.

அவர் கையிலிருந்த டீயில் இன்னும் ஆவி பறந்தது.